அறுபது தலைக்கு ஒரு ஹெட்போன்

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்தி நாலு, பெயர் உலகம்மாள். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற ஆபீஸ் ஒன்று தென்காசியில் இருந்தது. அதில் அவள் பதினோரு வருஷமாக வேலை பார்த்தாள். காலை ஒன்பது மணிக்குத் தலையில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கழற்றுவாள். எந்த டாக்டரும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு அவளிடமிருந்து தப்பிக்க முடியாது.

சீடனுக்கு வயது ஐம்பத்தெட்டு. பெயர் பிரம்மநாயகம். குருவைவிட இருபத்தி நாலு வயது மூத்த சீடன். என்ன செய்வது, சிலருக்குப் புத்தி தாமதமாகத்தான் வருகிறது.

பிரம்மநாயகம் மைக் செட் போட்டு முன்னுக்கு வந்தவர். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, தேர்தல் என்று முப்பது வருஷம் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார். கட்டி முடித்ததும் அடுத்த தெருவுக்கு நடந்து போவார். அங்கே நின்று தலையைச் சாய்த்துக் கேட்பார். "ம், கேக்கு" என்று அவர் சொன்ன பிறகுதான் சாமிக்கே தீபாராதனை. இப்போது பஜாரில் 'பிரம்மநாயகம் ஒலி நிலையம்' என்று கடை போட்டு ஹெட்போன், புளூடூத் எல்லாம் விற்கிறார்.

ஹெட்போனையும் அவர் பழைய முறையில்தான் சோதித்தார். மேஜைமேல் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு ஆறடி தள்ளி நிற்பார். அங்கே கேட்டால் நல்ல ஹெட்போன். கேட்காவிட்டால் மட்டம். அதைத் தலையில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாது ஐயா. ஸ்பீக்கரை யாராவது தலையில் மாட்டிப் பார்த்திருக்கிறார்களா?

அந்த டைப் ஆபீஸில் இருந்து அவருக்கு ஓர் ஆர்டர் வந்தது. அறுபது பெண்கள், அறுபது ஹெட்போன். காதை முழுசாக மூட வேண்டும், விலை ஆயிரத்தைத் தாண்டக் கூடாது.

பிரம்மநாயகம் ஆறடி தள்ளி நின்று அறுபதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார். ஆறே நாளில் அறுபதும் திரும்பி வந்தன.

"என்ன சார் குறை?" என்று மேனேஜர் ஜெபமணியிடம் கேட்டார்.

"தலைக்குள்ள யாரோ மாவு இடிக்காப்ல இருக்காம் அண்ணாச்சி. அதுபோக, ஒருத்தி கேக்குத டாக்டர் பேச்சு பக்கத்து சீட்டுக்காரிக்கும் கேக்கு. ஒரே நோயாளிக்கு ரெண்டு பேரு வியாதியையும் சேத்து அடிச்சிட்டாளுவ."

பிரம்மநாயகம் அசரவில்லை. அடுத்த தடவை வேறு ஒரு மாடலில் பத்து உருப்படி எடுத்துக்கொண்டு, மத்தியான வெயிலில் நடந்து, ஆபீஸுக்கே போனார். ஒவ்வொரு பெண்ணின் தலையிலும் அவரே மாட்டிவிட்டார். முகத்துக்கு நேரே குனிந்து, "எப்படித்தா இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி."

அறுபது பேரும் அதையே சொன்னார்கள். அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கே அறுபது இறக்கினார். எட்டாம் நாள் ஆட்டோவில் அறுபதும் கடை வாசலில் வந்து இறங்கின.

இந்தத் தடவை ஜெபமணி நேரிலேயே வந்தார். நல்ல மனுஷர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"அண்ணாச்சி, இன்னும் ஒரே ஒரு தடவைதான். இதுவும் திரும்புச்சுன்னா நாங்க மதுரையில வாங்கிக்கிடுதோம். மனசுல வச்சுக்கிடாதீய."

ஆர்டர் போனால் போகட்டும், இன்னொன்று வரும். ஆனால் முப்பது வருஷம் இந்த ஊர் அவர் காதை நம்பி இருந்திருக்கிறது. அந்தக் காது போச்சு என்று பஜார் பேச ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கடைப் பலகையில் 'ஒலி' என்று எழுதி வைத்துக்கொண்டு என்ன பிரயோசனம்? ஏற்கெனவே எதிர்த்த டீக்கடை ஐயம்பெருமாள் ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணாச்சி, மூணாவது லோடு எப்பத் திரும்ப வருது? ஆட்டோவை இப்பவே சொல்லி வைக்கட்டா?"

பிரம்மநாயகத்துக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஜெபமணிக்குப் போன் போட்டு, "உங்க ஆபீஸ்ல ஹெட்போனைப் பத்தி நல்லாத் தெரிஞ்ச ஆளு யாரு சார்?" என்று கேட்டார்.

"உலகம்மாளைக் கேளுங்க" என்றார் ஜெபமணி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அவள் வீட்டுக்குப் போனபோது உலகம்மாள் முற்றத்தில் கிரைண்டர் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கறி வாங்கப் போயிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க."

பிரம்மநாயகம் உட்காரவில்லை.

"தாயி, நல்ல ஹெட்போன் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கது? அதை மட்டும் சொல்லிக் குடு. சாகிற மட்டும் உன்னைக் குருவா நெனைச்சுக்கிடுதேன்."

"முதல்ல உக்காருங்க. குருவெல்லாம் வேண்டாம்."

உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வயிற்றெரிச்சல் வெளியே வந்துவிட்டது.

"அந்தப் பிள்ளைகளுக்கு நாக்கு சரியில்ல தாயி. அன்னைக்கு ஒவ்வொருத்திகிட்டயும் நின்னு கேட்டேன். அறுபது பேரும் நல்லா இருக்குன்னாளுவ. எட்டு நாள்ல தலைவலிங்காளுவ. இது என்ன நியாயம்?"

உலகம்மாள் கிரைண்டர் கல்லைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீயும்தான் சொன்ன தாயி. மூணாவது வரிசையில உக்காந்திருந்த. 'நல்லா இருக்கு அண்ணாச்சி'ன்னு நீயும்தான் சொன்ன."

"ஆமா, சொன்னேன்."

"நல்லா இருந்துச்சா?"

"இல்ல."

"பெறவு ஏன் சொன்ன?"

உலகம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"காபி குடிக்கீயளா அண்ணாச்சி?"

பதில் சொல்லத் தெரியாமல் நழுவுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. அடுப்படியில் இருந்து வாசனை வந்தது. நுரை பொங்க டம்ளர் வந்தது.

முதல் மடக்கு வாயில் பட்டதும் பிரம்மநாயகத்தின் இரண்டு புருவமும் மேலே ஏறின. ஏறினதை அவரே சிரமப்பட்டுக் கீழே இறக்கினார். கண்ணில் லேசாக நீர் கோத்துக்கொண்டது.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"பிரமாதம் தாயி."

"டிகாஷன் திட்டமா இருக்கா?"

"அதெல்லாம் அற்புதம்."

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டா?"

இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்தார். அவள் பாத்திரத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சமா ஊத்து."

அவள் தாராளமாகவே ஊற்றினாள். பிரம்மநாயகம் கண்ணை மூடிக்கொண்டு அதையும் குடித்து முடித்தார். அப்படியொரு மனுஷர்.

உலகம்மாள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"சீனி போடல அண்ணாச்சி. உப்பு போட்டிருந்தேன்."

"தெரியும்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"மொத மடக்குலயே தெரிஞ்சுது."

"பெறவு ஏன் பிரமாதம்னு சொன்னீய?"

"என்ன தாயி கேக்க? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா, ஒரு பொம்பளப் பிள்ள கைவேலையைப் போட்டுட்டு அடுப்பைப் பத்த வச்சுக் காபி கொண்டாந்து நீட்டுது. அது மூஞ்சியைப் பாத்து வாயில வைக்க முடியலன்னு எவனாவது சொல்லுவானா?"

உலகம்மாள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

பிரம்மநாயகம் மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. மத்தியான வெயிலில் நடந்து போனதும், தன் கையாலேயே மாட்டிவிட்டதும், குனிந்து குனிந்து சிரித்ததும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. வெட்கமாகத்தான் இருந்தது.

"அப்ப நான் யாருகிட்டத்தான் தாயி கேக்க?"

"யாருகிட்டயும் கேக்காதீய. நாளைக்கு மூணு தினுசு கொண்டாங்க, தினுசுக்கு அஞ்சு, கைவசம் ஒண்ணு கூட. ஆபீஸ்ல வந்து ஒரு ஓரமா உக்காருங்க. யாரு வாயையும் பாக்காதீய. கையைப் பாருங்க."

"கையில என்ன இருக்கு?"

"பாருங்க."

திங்கட்கிழமை பிரம்மநாயகம் மூன்று தினுசோடு போனார். ஒன்று பளபளவென்று கறுப்பு. தவில் அடித்தால் அடிவயிற்றில் வந்து இடிக்கும். அவருடைய செல்லம் அதுதான். இன்னொன்று வெள்ளை. மூன்றாவது சாம்பல் நிறத்தில் ஒரு அழுமூஞ்சி. மூன்று தினுசு என்று குரு சொல்லிவிட்டாளே என்று எண்ணிக்கைக்காகக் கொண்டுபோனது. மற்றபடி அதைக் கடையில் முன்வரிசையில்கூட அவர் வைத்ததில்லை.

பதினைந்து பெண்கள் ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்கள்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. முப்பது கையும் கீபோர்டில் இருந்தன. இது என்னடா கூத்து என்று அவருக்குக் கொட்டாவி வந்தது.

பத்தரை மணிக்கு ஒரு கை மேலே போயிற்று. கறுப்பு ஹெட்போன். காதைவிட்டு அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துவிட்டு இறங்கிற்று. பின்னாலேயே இன்னொரு கை. அதுவும் கறுப்புதான். பதினொன்றுக்கு வெள்ளையிலும் தொடங்கிற்று. ஒருத்தி கைக்குட்டையை மடித்துக் காதுக்கும் மெத்தைக்கும் நடுவில் சொருகினாள். ஒருத்தி ஒரு பக்கத்தைக் கழற்றிக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு ஒற்றைக் காதாலேயே கேட்டாள். பன்னிரண்டு மணிக்குள் கறுப்பு மாட்டிய ஐந்து பேரும் மாறி மாறித் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றை மட்டும் அவர் கவனித்தார். எல்லாக் கையும் ஒரே இடத்துக்குப் போயிற்று. காது மடலுக்குப் பின்னால், கீழே.

சாப்பாட்டு நேரத்தில் குருவிடம் ஓடினார்.

"தாயி, அந்த இடத்துல என்ன இருக்கு? எல்லாரும் அங்கனயே கை வைக்காளுவ."

உலகம்மாள் தயிர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டே அவர் காதைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் காது குத்தியிருக்கா?"

"அதெல்லாம் குத்தியிருக்கு. தாய்மாமன் மடியில உக்காந்து நான் போட்ட கூப்பாட்டை இப்பவும் ஊர்ல சொல்லுவாவ."

"ஓட்டை இருக்கா?"

"இருக்கும்னுதான் நெனைக்கேன்."

சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து அவள் தன் பையில் இருந்து ஒரு ஜோடி கவரிங் தோட்டை எடுத்தாள். பெரிய தோடு, எட்டுக் கல். அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் ஒரு காதில் ஒரு தோட்டை நுழைத்துவிட்டாள். பிரம்மநாயகம் இரண்டாவது தடவையாகக் கூப்பாடு போட்டார். அவள் பின்னால் திருகாணியை முடுக்கினாள். மற்றக் காதுக்கும் அப்படியே. அவருடைய மூக்குக் கண்ணாடியைச் சரியாக மாட்டி, அதுக்கு மேலே கறுப்பு ஹெட்போனை வைத்தாள்.

"ஒரு மணி நேரம்" என்றாள்.

"இதை வச்சுக்கிட்டா?"

"நாங்க ஒம்பது மணி நேரம் வச்சுக்கிட்டு இருக்கோம் அண்ணாச்சி."

தண்ணீர் கேன் பக்கத்தில் பிரம்மநாயகம் தோடும் ஹெட்போனுமாக உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் கேனைப் பார்த்துக்கொண்டே வந்து கேனைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கதவைத் தாண்டியதும் அவர்கள் சிரித்தது அந்த ஹெட்போனைத் தாண்டியும் கேட்டது. வாட்ச்மேன் ஒரு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு தெரிந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து இன்னொரு தடவை பார்த்தான்.

ஜெபமணி அறையைவிட்டு வெளியே வந்தவர் நின்றுவிட்டார். மரியாதை தெரிந்த மனுஷர். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி."

பிரம்மநாயகம் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

இருபதாவது நிமிஷம் திருகாணி வேலையைக் காட்டத் தொடங்கிற்று. கறுப்பு ஹெட்போனின் மெத்தை காதுக்கு மேலேயே உட்கார்ந்து அமுக்க, அது தோட்டை அமுக்க, தோடு திருகாணியை அமுக்க, திருகாணி பின்னால் எலும்பில் போய்க் குத்திற்று. போதாததுக்குக் கண்ணாடிக் காம்பு வேறு பொட்டில் அழுத்திற்று. இருபத்தைந்தாவது நிமிஷம் அவர் கை தன்னாலே மேலே போயிற்று. காது மடலுக்குப் பின்னால், கீழே. முப்பத்தைந்தாவது நிமிஷம் கழற்றி மடியில் போட்டுவிட்டார்.

உலகம்மாள் வந்தாள்.

"சத்தம் எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"சத்தமா? சத்தத்தை எவன் கேட்டான்! உசுரு போகுது."

அவள் சாம்பல் நிறத்தை எடுத்து நீட்டினாள். அவர் அரை மனசோடு மாட்டினார். அதன் மெத்தையில் குழி அகலமாகவும் ஆழமாகவும் இருந்தது. காதும் தோடும் திருகாணியும் எல்லாம் குழிக்குள்ளேயே போய்விட்டன. மெத்தை வெளியே எலும்பைச் சுற்றி உட்கார்ந்தது. தலைப்பட்டை இறுக்கவும் இல்லை, குனிந்தால் நழுவவும் இல்லை. மத்தியானம் முழுக்க அதை மாட்டிக்கொண்டே, அதே சாம்பல் நிறம் மாட்டியிருந்த ஐந்து பெண்களைப் பார்த்தார். அந்தப் பத்துக் கையில் இரண்டே தடவைதான் ஒரு கை மேலே போயிற்று. ஒன்று பூவைச் சரி செய்ய. இன்னொன்று தும்மல்.

சாயங்காலம் அவர் முகம் தெளியவில்லை. குரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வழிமறித்தார்.

"தாயி, ஒண்ணு சொன்னாக் கோவிக்க மாட்டியே? இதுல சத்தம் நல்லா இல்ல. தவில் போட்டுக் கேட்டேன், தகர டப்பாவைத் தட்டினாப்ல இருக்கு."

"எங்க டாக்டரு யாரும் தவில் அடிக்கதில்ல அண்ணாச்சி."

"அதுக்கில்ல."

"பேச்சுக் கேக்கா?"

"பேச்சு கேக்கு. அது கேக்கு. ஒரு டாக்டர் நடுவுல பேப்பரைப் புரட்டுதாரு, அதுகூடக் கேக்கு. ஆனா என் காதுக்கு இது பிடிக்கலயே. பிடிக்காத சரக்குக்கு என் பேரை எப்படிப் போடுவேன்?"

உலகம்மாள் அவர் காதில் இருந்து தோட்டைக் கழற்றிக்கொண்டாள். அதை அவர் மறந்தேபோயிருந்தார்.

"உங்களுக்குப் பிடிச்சதை ரெண்டு தடவை அனுப்பியாச்சு" என்றாள்.

பிரம்மநாயகம் சாம்பல் நிறத்திலேயே அறுபது இறக்கினார். கையெழுத்துப் போடும்போது பேனாவே ஓடவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் காதுக்குப் பிடிக்காத ஒன்றைத் தன் கடைப் பெயரில் அனுப்புகிறார். மூன்றாவது தடவையும் திரும்பி வந்தால் இந்தப் பஜாரில் தலைகாட்ட முடியாது என்று வீட்டில் மனைவியிடம் சொல்லியே விட்டார்.

ஆறாம் நாள் ஆட்டோ வரவில்லை. எட்டாம் நாளும் வரவில்லை. தெருவில் எந்த ஆட்டோ திரும்பினாலும் அவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவார். ஐயம்பெருமாள் வேறு எதிரில் நின்று, "அந்தா வருது அண்ணாச்சி, சாம்பலு கலரு" என்று வேடிக்கை காட்டினான்.

ஜெபமணியும் போன் பண்ணவில்லை. பிரம்மநாயகமே ஒருநாள் கூப்பிட்டு, சுற்றி வளைத்து, மழை, வெயில் எல்லாம் பேசினார். ஜெபமணியும் மழை, வெயிலைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டார்.

பதினைந்தாம் நாள் அவரால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் ஆறே காலுக்குக் கடையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். உலகம்மாள் சுரண்டை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"தாயி, உள்ளதைச் சொல்லிப்போடு. என்ன ஆச்சு?"

"என்ன அண்ணாச்சி, மூச்சு வாங்குது உங்களுக்கு? எது என்ன ஆச்சு?"

"ஹெட்போன்!"

"ஓ, அதா?" என்றாள்.

"என்ன தாயி, 'ஓ'ங்க? இன்னையோட பதினஞ்சு நாளு. அறுபது பிள்ளைகளும் என் கடை வழியாத்தான் பஸ்ஸுக்குப் போறாளுவ. 'சாப்பிட்டீயளா அண்ணாச்சி'ங்காளுவ. 'கடையில மதினியைக் காணுமே'ங்காளுவ. ஹெட்போன்னு ஒருத்தி வாயில இருந்து ஒத்த வார்த்தை வரல. நானும் கடை வாசல்லயே நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கேன்."

பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டிற்று. உலகம்மாள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். பஸ் நகரத் தொடங்கியும் பிரம்மநாயகம் விடவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"தூக்கம் இல்ல தாயி. ஒருத்தி, ஒரே ஒருத்தி வந்து 'நல்லா இருக்கு அண்ணாச்சி'ன்னு சொல்லிட்டாப் போதும். நான் நிம்மதியாத் தூங்குவேன்."

உலகம்மாள் படியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தாள்.

"நிம்மதியாப் போய்த் தூங்குங்க அண்ணாச்சி. என்னைக்காவது ஒருத்தி வந்து அப்படிச் சொன்னா, அன்னைக்கு ஓடி வாங்க."